புதுப்பிப்பு: ரிச்சர்ட்சன் அபார்ட்மெண்டைப் பார்த்துவிட்டோம்

யூ.டி. டாலஸில் (டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம்) சேரும் நாங்கள் நான்கு பேரும் கேம்பஸுக்கு வெளியே ரிச்சர்ட்சனில் ஓர் அபார்ட்மெண்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, நேரில் பார்த்தாயிற்று, எடுக்கவில்லை.

மாடல் வீடு பளபளவென்று இருந்தது. எங்களுக்குத் தரவிருந்த வீட்டைத் திறக்கச் சொன்னால், சிங்குக்கு அடியில் பலகை ஊறி உப்பிக் கிடக்கிறது, கதவுக் கீலில் கரப்பான் முட்டை. அதைவிடப் பெரிய சிக்கல் லீஸ்: நான்கு பேருக்கும் ஒரே ஒப்பந்தம், ஒருவர் பாதியில் கிளம்பினால் அவர் வாடகையும் மற்ற மூவர் தலையில்தான் விழும். தயவுசெய்து ஆளுக்கொரு லீஸ் தரும் இடமாகப் பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம், காலி செய்யும்போது புது முகவரியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அப்படிக் கொடுத்திருந்தால் டெக்சஸ் சட்டப்படி வீட்டுக்காரர் 30 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும், அதில் ஏதாவது பிடித்தம் செய்தால் கணக்குக் காட்ட வேண்டும்.