உதவி: 42.5 கிலோ கொழுந்து ஆப்பில் 23.3 ஆகிறது. ஜாவாஸ்கிரிப்ட் இதைத் தடுக்காதா?

கொழுந்துக்கணக்கு:
வணக்கம். ஊர் கோத்தகிரி பக்கம். மாமா பச்சைத் தேயிலை ஏஜென்ட். தோட்டக்காரர்களிடம் எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு வண்டி ஏற்றுவார். நோட்டு மழையில் ஊறிப் போகிறதே என்று நான் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன ஆப் எழுதிக் கொடுத்தேன். மேலே சிக்னல் நிற்காது, அதனால் எல்லாம் போனிலேயே சேமிக்கும்.

ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. 2 வாரம் முன்னால், ஒருவரே பல மூட்டை கொண்டுவந்தால் வரிசையாக ஏற்ற 'மூட்டை சேர்' என்று ஒரு பட்டன் வைத்தேன். நேற்று ஒரு அக்கா சண்டைக்கு வந்துவிட்டார். அவர் போட்டது 24.5, பிறகு 18. ஈரத்துக்கு நூற்றுக்கு 5 கழித்தால் 40.4 வரணும். ஆப் காட்டியது 23.3. மாமாவுக்கு என் மேல் கோபம், அக்காவுக்கு மாமா மேல் கோபம்.

ஒரே மூட்டை என்றால் சரியாக வருகிறது. சில பேருக்கு எண்ணே வராமல் 'என்ஏஎன்' என்று நிற்கிறது. ஒருவருக்கு 2297.1 கிலோ! அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம், கை தவறி அழுத்தியிருப்பார் என்று விட்டுவிட்டேன். ஃபைலின் தலையில் கண்டிப்பாக நடக்கச் சொல்லும் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' வரியைப் போட்டுத்தான் இருக்கிறேன்.

மலைரயில்:
அந்த 2297.1 காரர் போட்டது 24, 18 தானே?

கொழுந்துக்கணக்கு:
ஆமாங்க! எப்படித் தெரியும்?

மலைரயில்:
2297.1-ஐ 0.95-ஆல் வகுங்க, 2418 வரும். 24 பக்கத்தில் 18. அக்காவின் 23.3-ஐ வகுத்தால் 24.52 வாக்கில் வரும். 24.5 பக்கத்தில் 18 ஒட்டினால் 24.518. உங்கள் ஆப் கூட்டவில்லை, எழுத்தோடு எழுத்தை ஒட்டுகிறது.

பெட்டியில் தட்டிய எடை எப்போதும் எழுத்தாகத்தான் வரும். இன்புட்டுக்கு 'நம்பர்' வகை கொடுத்திருந்தாலும் அதன் 'வேல்யூ' எழுத்துதான், பாதிப் பேர் விழும் குழி இது. கூட்டல் குறிக்கு ஒரு பக்கம் எழுத்து இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டிவிடும். கழித்தலும் பெருக்கலும் அப்படியில்லை, எழுத்தை எண்ணாக்கிக்கொண்டு கணக்குப் போடும். அதனால்தான் ஒட்டிய எண்ணில் ஈரத்துக்கான 5 ஒழுங்காகக் கழிந்து, பார்க்க நியாயமான எடை மாதிரியே வெளியே வந்திருக்கிறது. 24.5, 18.5 என்று இரண்டிலும் புள்ளி இருந்தால் 24.518.5 ஆகும். அது எண்ணே இல்லை, அதுதான் உங்கள் என்ஏஎன்.

'மூட்டை சேர்' எழுதும்போது 'நம்பர்' போட்டு எண்ணாக மாற்றாமல் நேராகப் பட்டியலில் தள்ளியிருப்பீர்கள். 'வேல்யூ'வுக்குப் பதில் எண்ணாகவே தரும் 'வேல்யூ ஆஸ் நம்பர்' எடுத்தாலும் போதும். பெட்டி காலியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'யூஸ் ஸ்ட்ரிக்ட்' 2009-இல் வந்தது. அறிவிக்காத மாறி மாதிரி சில தப்புகளைப் பிடிக்கும். எண்ணா எழுத்தா என்பது அதன் வேலை இல்லை. பெயர்தான் ஏமாற்றும்.

கொழுந்துக்கணக்கு:
அதேதான் அண்ணா. பழைய வழியில் 'நம்பர்' இருக்கிறது, புதிய பட்டனில் விட்டுவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. 2418 வந்தால் யாருக்கும் தெரியும். 24.518 வந்தால்? இதை மொழியே நிறுத்த வேண்டாமா? பைதான் என்றால் நின்றிருக்குமே?

ரெண்டிலை_ஒருமொட்டு:
பைதானில் பட்டியலைக் கூட்டும் 'சம்' போட்டிருந்தால் முதல் மூட்டையிலேயே நின்றிருக்கும், ஏனென்றால் அது 0-இல் ஆரம்பிக்கும், எண்ணோடு எழுத்து கூடாது. ஆனால் 24.5, 18 இரண்டும் எழுத்தாக இருந்து நேரடியாகக் கூட்டினால் பைதானும் ஒட்டத்தான் செய்யும். ஜாவாவும் அப்படியே.

ஒரு மொழி பிறகு கண்டிப்பானதாக மாறலாம், அப்படி மாறியும் இருக்கிறது. டார்ட் என்ற மொழி ஆரம்பத்தில் டைப்பை, அதாவது எண்ணா எழுத்தா என்ற வகையை, விருப்பத்துக்கு விட்டது, 2018-இல் டார்ட் 2 வந்தபோது கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். பிஎச்பி மொழி 2015-இல் 7-ஆம் பதிப்பில் ஃபைலுக்கு ஃபைல் கண்டிப்பைத் தேர்ந்தெடுக்க வழி கொடுத்தது. எனக்கு அது பிடிக்கும். பழைய ஃபைல் பழைய மாதிரியே ஓடும், புதிதாக எழுதுகிறவன் கயிற்றை இறுக்கிக்கொள்வான்.

மலைரயில்:
ஜாவாஸ்கிரிப்டில் அது நடக்காது. எவனோ 20 வருஷம் முன்னால் எழுதிய பக்கம் இந்த ஒட்டலை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். 2018-இல் பல தளங்கள் பயன்படுத்திய ஒரு பழைய கோடு நூலகம் உடையும் என்பதற்காக, ஒரு புதிய கட்டளைக்கு 'ஃப்ளாட்டன்' என்று வைக்க இருந்த பெயரையே 'ஃப்ளாட்' என்று மாற்றினார்கள். ஒரு பெயருக்கே அந்தப் பாடு! குரோமில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8-இன் குழு 2015-இல் 'யூஸ் ஸ்ட்ராங்' என்று இன்னும் கண்டிப்பான ஒன்றைச் சோதனை செய்து, மறு வருஷமே கைவிட்டது.

புதிதாகச் சேர்ப்பதில்தான் கண்டிப்பு காட்ட முடிகிறது. 2020-இல் வந்த பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகையைச் சாதாரண எண்ணோடு கூட்டிப் பாருங்கள், உடனே பிழை சொல்லி நிற்கும். 2022-இல் டைப் குறிப்புகளைச் சேர்க்கும் திட்டம் ஒன்று ஜாவாஸ்கிரிப்டின் தரக் குழுவுக்குப் போனது. அதிலும் ஓடும்போது அவற்றைக் கமெண்ட் போலத் தாண்டிப் போவதுதான் ஏற்பாடு.

பனிமூட்டம்:
அப்போ ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சோதனையும் சேர்ந்த டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாறு தம்பி, 2012-இலிருந்து இருக்கிறதே. எல்லாத்தையும் மாற்றப் பயமாக இருந்தால் ஃபைலின் முதல் வரியில் 'டிஎஸ்-செக்' கமெண்ட் போடு, மூட்டைப் பட்டியலுக்கு மேல் 'இது எண்களின் பட்டியல்' என்று கமெண்டாகவே ஒரு ஜேஎஸ்டாக் குறிப்பு எழுது. விஎஸ் கோட் எடிட்டர் தனியாக எதுவும் நிறுவாமலே தப்புக்கு அடியில் சிவப்புக் கோடு போடும்.

ரெண்டிலை_ஒருமொட்டு:
போடும், ஆனால் போனில் ஏற்கெனவே சேமித்ததைத் திரும்ப எடுக்கும்போது? சேமித்த ஜேசன் எழுத்தைப் பிரித்தால் வருவது 'எனி', அதாவது எந்த வகையாகவும் இருக்கலாம். டைப்ஸ்கிரிப்ட் அங்கே கண்ணை மூடிக்கொள்ளும். 2 வார மூட்டைகள் எழுத்தாகவே உள்ளே இருக்கின்றன. இன்றைக்குப் பட்டனைத் திருத்தினாலும் நாளைக்கு அதே ஒட்டல் பழைய பதிவில் நடக்கும். எடுக்கிற இடத்திலும் மாற்ற வேண்டும், மாற்றியது உண்மையில் எண்தானா என்றும் பார்க்க வேண்டும்.

பனிமூட்டம்:
அதை நான் மறந்தேதான் போனேன்.

கொழுந்துக்கணக்கு:
நேற்று ராத்திரி செய்து முடித்தேன். நல்லவேளை, மொத்தத்தை மட்டும் சேமிக்காமல் ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியாக வைத்திருந்தேன், எல்லாவற்றையும் திரும்பக் கூட்ட முடிந்தது. டிஎஸ்-செக் போட்டதும் பட்டன் வரியில் சிவப்பு விழுந்தது. கூடவே, பெட்டியைத் தேடி எடுக்கிற இடங்களில் எல்லாம் 'வேல்யூ என்று ஒன்று இல்லை' என்று கத்துகிறது, அவற்றுக்கும் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

24.518 மாதிரி சத்தமில்லாமல் குறைந்தவர்கள் மொத்தம் 9 பேர். மாமா பட்டியலைப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு, பாக்கியைக் கொடுக்கக் கட்டபெட்டு வரைக்கும் போயிருக்கிறார். திரும்பி வரும்போது புது நோட்டு ஒன்று வாங்கி வருவாராம்.