பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கருத்துக்கணிப்பு இருக்கட்டும், உங்கள் தொகுதி எது என்று தெரியுமா?

வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள் இங்கே வாடகை வீடு, ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு, பிள்ளைகளுக்குப் பள்ளி, விசா நீட்டிப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் யாரும் கேட்காத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். போன வாரம் கேர் ஹோமில் வேலை செய்கிற ஒரு தம்பி, "அண்ணா, எல்லாக் கணிப்பிலும் ரிஃபார்ம் கட்சிதான் முன்னாடி இருக்காம், நமக்கு ஓட்டும் இல்ல, என்ன ஆகுமோ" என்று கலங்கிப்போய்க் கேட்டார். குடியேற்றத்தைக் கடுமையாகக் குறைக்க வேண்டும் என்கிற கட்சி அது.

ஓட்டு இருக்கிறது தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டு பாஸ்போர்ட்டோடு, செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசிக்கிறவர்கள் 18 வயது ஆகியிருந்தால் நாடாளுமன்றத் தேர்தலிலும் கவுன்சில் (உள்ளாட்சி) தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டாம், ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வேண்டாம், இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. மாணவர் விசாவுக்கும் உண்டு, டிபெண்டன்ட் விசாவுக்கும் உண்டு. பதிவு செய்தால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்துவதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு இடம்பெயர்ந்த நம் ஈழத்து உறவுகள் மட்டும் கவனியுங்கள், நாடாளுமன்றத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு கிடையாது. கவுன்சில் தேர்தலுக்கு விதி வேறு, அதை உங்கள் கவுன்சிலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நான் 2014 கடைசியில் தெற்கு லண்டனில் இருக்கிற குரோய்டனுக்கு வந்தேன். 2015 மே மாதம் தேர்தல். குடியுரிமை இல்லாதவனுக்கு இதில் என்ன வேலை என்று பதிவே செய்யவில்லை, சொல்லித்தரவும் ஆள் இல்லை. குரோய்டன் சென்ட்ரலில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் 165 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 165! நாங்கள் போகிற கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிற கூட்டமே அதைவிட அதிகம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்னைப்போலத் தெரியாமல் வீட்டிலேயே இருந்தார்களோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். யார் ஜெயித்தார் என்பதில் எனக்கு வருத்தமில்லை. முடிவு செய்த இடத்தில் நாங்கள் இல்லை என்பதுதான் வருத்தம். இன்னொன்று, அந்த வருடம் முழுக்க எனக்கு கிரெடிட் கார்டு கிடைக்கவில்லை, போன் கான்ட்ராக்ட்டும் மறுக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதது கிரெடிட் ஸ்கோரைப் பாதிக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

சரி, கணிப்புக்கு வருவோம். தொலைக்காட்சியில் காட்டுகிற 30 சதவீதம், 20 சதவீதம் எல்லாம் நாடு முழுவதற்குமான கணக்கு. இங்கே தேர்தலோ நம் ஊர் மாதிரி தொகுதி தொகுதியாக நடக்கிறது. மொத்தம் 650 தொகுதி, அதில் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவர் எம்பி, மீதி ஓட்டுக்கெல்லாம் கணக்கே இல்லை. 2024 ஜூலை 4 தேர்தலில் லேபர் வாங்கியது 33.7 சதவீதம், கிடைத்ததோ 411 இடம். ரிஃபார்ம் 14.3 சதவீதம் வாங்கி 5 இடம்தான் பிடித்தது. அவர்களைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுக்கு 72 இடம், ஏனென்றால் ஜெயிக்க வாய்ப்புள்ள தொகுதிகளில் மட்டும் போய் உழைத்தார்கள். ஆக, சதவீதத்தை வைத்து உங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று சொல்லவே முடியாது.

நம் ஆட்கள் இருக்கிற பக்கமே பாருங்கள். நாடு முழுக்க கன்சர்வேட்டிவ் கட்சி 121 இடத்துக்குச் சுருங்கிய அதே இரவில் ஹாரோ ஈஸ்டில் அவர்கள் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார்கள். 50 சதவீதத்தைத் தாண்டிய ஒரே கன்சர்வேட்டிவ் தொகுதி அது. பக்கத்திலேயே ஹெண்டனில் லேபர் ஜெயித்தது 15 ஓட்டில். இல்ஃபோர்ட் நார்த்தில் லேபரின் வெஸ் ஸ்ட்ரீட்டிங், கட்சியே இல்லாத ஒரு இளம் சுயேச்சை வேட்பாளரிடம் 528 ஓட்டில் தப்பினார். ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்தின் மகள் உமா குமரன் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 2015-ல் இதே ஹாரோ ஈஸ்டில் நின்று தோற்றவர் அவர். இந்த நான்கு கதையும் தேசியக் கணிப்பின் ஒற்றை எண்ணில் எங்கேயும் தெரியாது.

கணிப்பே பொய் என்று சொல்லவரவில்லை. இங்கே கணிப்பு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் போலிங் கவுன்சில் உறுப்பினர்கள், என்ன கேள்வி கேட்டோம், எத்தனை பேரிடம் எந்தத் தேதியில் கேட்டோம் என்ற அட்டவணையை வெளியிட்டாக வேண்டும். ஆனாலும் தவறுகிறது. 1992-ல் தவறியது. 2015-ல் இரண்டு கட்சியும் சமம் என்றார்கள், கன்சர்வேட்டிவ் ஆறு புள்ளிக்கு மேல் முந்தியது. பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையில் விசாரித்தபோது, கேட்கப்பட்ட மாதிரியிலேயே லேபர் ஆதரவாளர்கள் அளவுக்கு மீறி இருந்தது முக்கியக் காரணம் என்று தெரிந்தது. 2024-ல்கூட கடைசி வாரக் கணிப்புகள் சராசரியாக லேபருக்கு 38, 39 என்றன. எனவே ஆயிரம் பேரிடம் கேட்ட ஒரு கணிப்பில் ஒரு கட்சி இரண்டு புள்ளி ஏறிவிட்டது என்ற செய்தி வந்தால் பதறாதீர்கள், மூன்று புள்ளி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போவது அதன் இயல்பு. எம்ஆர்பி என்று ஒரு வகை வருகிறது, பல்லாயிரம் பேரிடம் கேட்டு ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாகக் கணக்குப் போடுவார்கள். 2017-ல் யூகவ் நிறுவனம் இந்த முறையில்தான் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, கேன்டர்பரி லேபர் பக்கம் போகும் என்று சொன்னது, அப்படியே நடந்தது. உங்கள் தொகுதி பெயரைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அதுவும் மதிப்பீடுதான். தேர்தல் அன்று இரவு சரியாக 10 மணிக்கு வருகிற எக்ஸிட் போல் வேறு ரகம், ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டது. 2024-ல் லேபருக்கு 410 என்றது, 411 வந்தது. அதுவே ரிஃபார்முக்கு 13 என்றது, வந்தது 5.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2024 மார்ச்சிலிருந்து புதிதாக வருகிற கேர் ஒர்க்கர்கள் குடும்பத்தை அழைத்து வர முடியாது என்று ஆனது கன்சர்வேட்டிவ் ஆட்சியில். வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர் எடுப்பதையே 2025 ஜூலையில் நிறுத்தியது லேபர் ஆட்சி. ஐஎல்ஆருக்கு 5 வருடம் என்பதைப் பொதுவாக 10 ஆக்கலாம் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்ததும் அவர்களே. ஐஎல்ஆரையே எடுத்துவிடுவோம் என்று ரிஃபார்ம் அதே வருடம் செப்டம்பரில் அறிவித்தது. எந்தக் கட்சி நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் மனைவி இங்கே வர முடியுமா, பிள்ளை எந்த வருடம் நிரந்தரமாகத் தங்கலாம் என்பதை இவர்கள்தான் முடிவு செய்கிறார்கள், அதனால் வாசித்துவையுங்கள்.

அடுத்து ஊழல், அவதூறு, ராஜினாமா. வாரம் ஒன்று வரும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குழப்பம்: ஒரு எம்பியிடமிருந்து "விப்பை எடுத்துவிட்டார்கள்" என்று செய்தி வந்தால் பதவியே போய்விட்டது என்று நினைக்கிறார்கள். கட்சி அவரை விலக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் எம்பியாகவே இருப்பார், உங்கள் கடிதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பதவி போக வேறு வழி இருக்கிறது. 2015-ல் வந்த ரீகால் சட்டப்படி, எம்பிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தாலோ, நாடாளுமன்றம் அவரை 10 அமர்வு நாட்களோ அதற்கு மேலோ இடைநீக்கம் செய்தாலோ, தொகுதியில் ஆறு வாரம் மனு திறந்திருக்கும். வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால் இடைத்தேர்தல். பட்டியலில் பெயர் இருந்தால் விசாவில் இருக்கிற நீங்களும் கையெழுத்துப் போடலாம். எவ்வளவு பெரிய உரிமை பாருங்கள். ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பியில் 2024-ல் லேபர் 14,696 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த எம்பி தன் தொகுதிக்காரர் ஒருவரைத் தெருவில் அடித்துத் தண்டனை பெற்றார், மனு வருவதற்கு முன்பே விலகினார். 2025 மே 1 இடைத்தேர்தலில் ரிஃபார்ம் ஜெயித்தது, 6 ஓட்டில்.

போரிஸ் ஜான்சன் கதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொரோனா காலத்தில் ஊரே வீட்டுக்குள் இருந்தபோது அரசு அலுவலகங்களில் விருந்து நடந்ததற்கு 126 அபராதம் போட்டது போலீஸ், பிரதமரும் நிதியமைச்சரும் அதில் உண்டு. ஆனால் அவர் எம்பி பதவியை விட்டுப் போகக் காரணம் விருந்து அல்ல, அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் சொன்னது. அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் சிறப்புரிமைக் குழு முடிவு செய்தது, அவை 354-க்கு 7 என்று ஏற்றுக்கொண்டது. அந்த விருந்து நாட்களில் அப்பாவின் கடைசிச் சடங்கை போனில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு வழக்கு மட்டும் உங்கள் சொந்த வாழ்க்கைக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஸ்பீட் கேமரா. பீட்டர்பரோ எம்பி ஃபியோனா ஒனசன்யா, கேமராவில் வேகமாகப் போய்ச் சிக்கிய காரை ஓட்டியது தான் இல்லை என்று போலீசிடம் பொய் சொன்னதற்கு 2019-ல் மூன்று மாதச் சிறை, ரீகாலில் பதவியும் போனது. அமைச்சராக இருந்த கிறிஸ் ஹ்யூன் வேகமாக ஓட்டியதற்குத் தன் லைசென்ஸில் விழ வேண்டிய அபராதப் பாயின்ட்டை மனைவி பெயரில் போட்டதற்கு 2013-ல் இருவருக்கும் எட்டு மாதம். "உன் இந்திய லைசென்ஸ்தானே, பாயின்ட்டை நீ எடுத்துக்கோ" என்று நண்பர் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், விசாவும் சேர்ந்து போகும். இரண்டாவது, வீடு. துணைப் பிரதமர் ஏஞ்சலா ரெய்னர் 2025 செப்டம்பரில் விலகியது ஸ்டாம்ப் டியூட்டியை (வீடு வாங்கும்போது கட்டுகிற வரி) குறைத்துக் கட்டியதால். நிபுணரிடம் கேட்கச் சொல்லியும் கேட்கவில்லை என்பதுதான் விசாரணையில் வந்த குறை. இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உங்கள் பெயரில் வீடு இருந்தால், அதன் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் வரி பொருந்தலாம். கன்வேயன்சரிடம் (வீட்டுப் பத்திர வேலை பார்க்கிற வக்கீல்) மறைக்காமல் சொல்லுங்கள்.

எம்பியை வில்லனாக மட்டும் பார்க்கவும் வேண்டாம். அவர்கள் தொகுதியில் "சர்ஜரி" நடத்துவார்கள், டாக்டர் சமாச்சாரம் இல்லை, மக்களைச் சந்திக்கிற நேரம். விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் பதிலே இல்லாமல் கிடந்தால் எம்பி அலுவலகம் உள்துறையிடம் விசாரித்துக் கேட்கும். நீங்கள் ஓட்டுப் போட்டவரா, எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். மின்னஞ்சலில் முழு முகவரி, போஸ்ட்கோடு, விண்ணப்ப எண் மூன்றும் இருக்கட்டும். என் மனைவியின் விசா தாமதமானபோது இப்படித்தான் பதில் வந்தது.

பதிவு செய்வது ஐந்து நிமிட வேலை. அரசு இணையதளத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணோடு செய்யலாம், தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பு முடித்திருக்க வேண்டும். ஓப்பன் ரிஜிஸ்டர் (யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கக்கூடிய பட்டியல்) வேண்டாம் என்று டிக் செய்யுங்கள், இல்லையென்றால் விளம்பரக் கடிதம் குவியும். நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடியில் போட்டோ அடையாள அட்டை கேட்பார்கள், இந்திய, இலங்கை பாஸ்போர்ட் செல்லும், ஈவிசாவை (டிஜிட்டல் விசா) போனில் காட்டினால் செல்லாது. காலை 7 முதல் இரவு 10 வரை, ஷிஃப்ட் முடிந்துகூடப் போகலாம்.

அப்புறம் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மனைவியோடு சேர்ந்து தடுப்புக்குள் போய் இங்கே போடு என்று காட்டாதீர்கள். 2023-ல் வந்த சட்டப்படி அது குற்றம். அவருடைய ஓட்டு அவருடையது, தபால் ஓட்டும் அப்படியே.

எந்தத் தொகுதி என்று தெரியாதவர்கள் போஸ்ட்கோடை இங்கே பொதுவில் போடாதீர்கள். ஏரியா பெயரை மட்டும் எழுதுங்கள், வேலை முடிந்து வந்து ஒவ்வொருவருக்கும் தொகுதி எது, போன தடவை எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று பார்த்துச் சொல்கிறேன்.