பவர்டேபிளை மூடிய பிறகு நம்பிக்கையை எங்கிருந்து எடுப்பது?

அனுப்பர்பாளையத்தான்:
வணக்கம். திருப்பூரில் பதினான்கு இயந்திரங்களோடு ஒன்பது ஆண்டுகள் பவர்டேபிள், அதாவது பின்னலாடை நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறை, நடத்தினேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததும், எனக்கு வேலை கொடுத்து வந்த நிறுவனத்தின் ஆர்டர்கள் நின்றன. தைத்துக் கொடுத்ததற்கான கூலியும் முழுதாக வரவில்லை. தீபாவளிக்குக் கடன் வாங்கிப் போனஸ் கொடுத்தேன், பொங்கலுக்குள் ஓவர்லாக், பேட்லாக் தையல் இயந்திரங்கள் எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றேன். இப்போது, என்னிடம் டைலராக இருந்த ஒருவர் நடத்தும் இடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறேன். அவர் இன்னும் என்னை முதலாளி என்றே அழைக்கிறார்; அதுதான் தாங்க முடியவில்லை. ஜி.டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பேருந்தோடு தொடங்கியதை உறவினர்கள் நினைவூட்டுகிறார்கள். அந்தக் கதை எனக்குப் பெருமையைத் தருகிறதே தவிர, நாளைக் காலை எழுந்து போவதற்கான தெம்பைத் தரவில்லை. விழுந்து எழுந்தவர்கள் முதல் ஆறு மாதங்களை எப்படிக் கடந்தீர்கள்?

சாயக்காரர்:
தம்பி, 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது என் பட்டறையும் மூடப்பட்டது. ஆறு கெட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதால் யாரையும் நோகவும் முடியவில்லை. மூன்று மாதங்கள் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வாரம் திறந்துவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் இரவு என் மனைவி நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கூட்டிப் பார்த்தால், நான் மனத்துக்குள் சுமந்த தொகையைவிட அது குறைவாக இருந்தது! அன்றுதான் தூங்கினேன். பிறகு வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கலர் மாஸ்டராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத சுத்திகரிப்போடு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தபோதும் நான் முதலாளியாகத் திரும்பவில்லை. அதை நான் தோல்வியாக எண்ணுவதும் இல்லை.

காங்கேயத்துத் தோட்டத்துக்காரி:
நான் சற்று மாறுபடுகிறேன், அண்ணா. எங்கள் வீட்டை முடக்கியது நம்பிக்கைதான். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்துச் சொன்னவரை நம்பி, முதல் போர்வெல் பொய்த்ததும் இரண்டாவது, அதுவும் பொய்த்ததும் மூன்றாவது என்று அப்பா ஆயிரம் அடிக்கு மேல் ஓட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் வெறும் புகைதான் வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மாவின் நகை ஒன்று போனது. நான்காவதற்கு வண்டி பேசியபோது அம்மா குறுக்கே நின்று தடுத்தார். அதன்பின் தென்னையை விட்டுவிட்டு, தாத்தா காலத்துக் கொறங்காட்டின் (மழையை நம்பிய மேய்ச்சல் நிலம்) கிளுவை வேலியைச் சரிசெய்து, கொழுக்கட்டைப் புல்லில் செம்மறி மேய்த்தோம். முதல் மழைக்கே தழைத்துவிடும் அந்தப் புல்லுக்குப் போர்வெல் தேவையில்லை. ஆகவே, மீண்டும் தொழில் தொடங்க எண்ணினால், எவ்வளவு போனால் நிறுத்துவீர்கள் என்பதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். இரவுகளில் மனம் மிகவும் கனத்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்; அப்பாவுக்கு அன்று அப்படி ஒன்று இல்லை.

ஓய்வுபெற்ற வங்கியாளர்:
விற்ற இயந்திரங்கள் வங்கிக் கடனுக்கு ஈடாக இருந்தவையா? அப்படியானால் முதலில் கிளைக்குச் சென்று அதைச் சொல்லிவிடுங்கள். தவணை தவறி 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும்; அதற்கு முன்பே பேசுபவரை எந்த மேலாளரும் வேறு விதமாகத்தான் பார்ப்பார். மற்றொன்று, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறுந்தொழிலுக்குரிய கூலியை 45 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டியும் சேரும். வர வேண்டிய பணத்தைக் கேட்காமல் நம்பிக்கையைப் பற்றி மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அனுப்பர்பாளையத்தான்:
அனைவருக்கும் நன்றி. இயந்திரங்கள் என் சொந்தப் பணத்தில் வாங்கியவை. கடன் வீட்டின் பேரில் உள்ளது. உத்யம் பதிவும் இருக்கிறது. நேற்றிரவு நானும் மனைவியும் நோட்டுப் போட்டு எழுதினோம். சாயக்கார அண்ணனுக்கு நேர்ந்ததுபோல் தொகை குறையவில்லை, சற்றுக் கூடியது. ஆனாலும், பரணிலிருந்த சாக்கில் டெலிவரி சலான்கள் கிடைத்தன. இரண்டு மாதங்களுக்குப் பில் இல்லை, சலான் மட்டுமே உள்ளது. கூலியைக் கேட்க அது போதுமா?

ஓய்வுபெற்ற வங்கியாளர்:
நிறுவனத்தின் முத்திரையும் பெற்றவர் கையொப்பமும் இருப்பவற்றைத் தனியே எடுத்து, தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். புகார் மனுவை எழுதும்போது நானும் உடன் அமர்கிறேன்.