உதவி: புல்லு வெட்டுற வேலைக்கு, ஒரே மோட்டரில் பல தலை மாட்டுற மெஷின் எது வாங்கலாம்?

மார்க்கம்_மச்சான்
வணக்கம். கொஞ்சம் அவசரம். நானும் மச்சானும் இந்த சம்மர் புல்லு வெட்டுற வேலை தொடங்குகிறோம். மோவர் கையில் இருக்கிறது. ஒரே மோட்டரில் நூல் சுற்றி வெட்டுற ட்ரிம்மர், நடைபாதை ஓரம் வெட்டுற எட்ஜர், வேலி வெட்டுற கத்தி, கிளை வெட்டுற வாள் எல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டலாமே, அது ஒன்று வாங்க வேண்டும். சனிக்கிழமையோடு தள்ளுபடி முடிகிறது. எது நல்லது? பாவித்தவர்கள் சொல்லுங்கோ.

அஜாக்ஸ்_அண்ணை
தம்பி, எத்தனை வீடு? பெற்றோலா பற்றரியா? கையில் எவ்வளவு காசு? சாமான் போவது வானிலா, கார் டிக்கியிலா? இது ஒன்றும் தெரியாமல் எதைச் சொல்வது?

பற்றரிப்_பிரியன்
கேள்வியே தேவையில்லை. ஈகோ கம்பனியின் 56 வோல்ட் பற்றரி மெஷின் எடுங்கோ. இழுத்து ஸ்டார்ட் பண்ணத் தேவையில்லை, புகை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் முறைக்க மாட்டார். ஏற்கனவே மில்வாக்கி எம்18 பற்றரி வைத்திருந்தால் அதன் குயிக்-லொக் மாற்றுத் தலை மோட்டர். பெற்றோல் மெஷின் எல்லாம் போன தலைமுறைச் சாமான். கலிபோர்னியாவில் 2024 ஜனவரிக்குப் பிறகு தயாரிக்கும் சிறு பெற்றோல் எஞ்சின்களை விற்கத் தடை.

பழைய_கத்தி
அது கலிபோர்னியா. இவர் இருப்பது கனடாவில், ஒன்ராறியோவின் மார்க்கம் நகரம்.

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஏப்ரலும் நான் பதில் எழுதுகிறேன். மேலே தேடும் பெட்டி ஒன்று இருக்கிறது, அதைப் பாவிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. ஒரு வரியில் சொல்கிறேன்: ஒரே மோட்டரில் எல்லாம் செய்யலாம் என்பது வீட்டுக்காரருக்கு. தொழில் செய்பவருக்கு அல்ல.

கோவை_கார்த்தி
வணக்கம் சார். நான் கோயம்புத்தூர். இங்க 52 சிசி பிரஷ் கட்டர் வாங்கினாலே 3 பல் பிளேடு, 80 பல் பிளேடு, நைலான் ஹெட், களை எடுக்குற வீடர் எல்லாம் சேர்த்தே தர்றாங்க. வாங்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க: பைப் 26 எம்எம்மா 28 எம்எம்மா, உள்ளே ராடுக்கு 7 பல்லா 9 பல்லா. அது மாறினா அப்புறம் எந்த வீடரும் சேராது. தோள்ல மாட்டுற பேக்பேக் மாடல் எடுத்தா கை வலிக்காது.

அஜாக்ஸ்_அண்ணை
கார்த்தி தம்பி, உங்கள் ஊர்த் தோட்டத்துக்கு அது சரி. இங்கே மூன்று பல் பிளேட்டைப் போட்டு வீட்டு வாசலில் சுற்றினால் வேலியும் போகும், வாடிக்கையாளரும் போவார். இங்கே வேலை முழுக்க ஓரம் வெட்டுவதுதான். நடைபாதைக் கரையில் புல் நேர்கோடாக நிற்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் காசு தருவார்கள்.

கோவை_கார்த்தி
சரிங்க அண்ணா. புல்லுக்கு ஓரம் வெட்டத் தனி மெஷின் இருக்குன்னே இப்பதான் தெரியும்.

ஸ்காபரோ_சித்தி
இழையைத் தொடங்கியவர் எங்கே? ஆளே இல்லை. நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மார்க்கம்_மச்சான்
மன்னிக்கவும், வேலையில் நின்றேன். 14 வீடு, பாதி மில்லிகன் பக்கம், மீதி ஸ்காபரோ. வான் இருக்கிறது. மொத்தம் 1200 டொலருக்குள் முடிக்க வேண்டும். பெற்றோலோ பற்றரியோ பரவாயில்லை. மூன்று வீட்டில் சீடர் மர உயிர்வேலி. ஒரு வீட்டில் மஞ்சள் பூ டண்டலியன் களை முழுவதையும் எடுக்கச் சொல்கிறார்கள், அதற்கும் ஒரு தலை இருக்கிறதா?

அஜாக்ஸ்_அண்ணை
இதை முதலிலேயே போட்டிருந்தால் பாதி இழை மிச்சம்.

நீங்கள் இரண்டு பேர், மோட்டர் ஒன்று. ஒருவர் மோவரைத் தள்ளும்போது மற்றவர் ட்ரிம்மரால் ஓரம் எடுப்பார். பிறகு அதைக் கழற்றி எட்ஜரை மாட்டி நடைபாதையைப் பிடிக்க வேண்டும். குமிழைத் தளர்த்தி, பொத்தானை அமர்த்தி, இழுத்து, அடுத்ததைச் சொருகி, இறுக்குவது ஒரு நிமிட வேலைதான். 14 வீட்டிலும் கிழமைக்குக் கிழமை அதையே செய்தால் ஜூன் மாதத்தில் எட்ஜரைத் தொடவே மாட்டீர்கள். ட்ரிம்மரையே சரித்துப் பிடித்து ஓரத்தை ஒப்பேற்றிவிடுவீர்கள். நான் பார்த்த எல்லாரும் அங்கேதான் வந்து நின்றார்கள்.

அதனால் ட்ரிம்மரைத் தனியாக வாங்குங்கோ, சாதாரண நேர்த்தண்டு ட்ரிம்மர் போதும். மாற்றுத் தலை மோட்டர் ஒன்று எடுத்து அதில் எட்ஜரை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கோ. சீடர் வேலி வெட்டுகிற நாளில் மட்டும் எட்ஜரைக் கழற்றிக் கத்தி, கிளை வெட்டுகிற நாளில் வாள். வருடத்தில் சில தடவை பாவிக்கும் சாமானுக்குத்தான் இந்த முறை லாபம். இதைத்தான் பழைய கத்தியும் சொல்ல வந்தார், முழுக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஊதுகிற தலையை வாங்க வேண்டாம். நீளத் தண்டின் நுனியில் காற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிவது, காற்றும் போதாது. கையில் பிடிக்கும் சின்ன ஊதியே அதைவிட நன்றாக ஊதும்.

டொன்வலி_டிரைவர்
ஸ்டில் கேஎம் 131 ஆர் எடுங்கோ. 36.3 சிசி, நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். எண்ணெய் கலக்கிற தொல்லை இல்லை, காருக்கு அடிக்கிற பெற்றோலையே ஊற்றலாம்.

பழைய_கத்தி
தயவுசெய்து இதை ஒருவரும் செய்ய வேண்டாம்!!

அது 4-மிக்ஸ். வால்வு இருக்கிறது, நாலு ஸ்ட்ரோக் மாதிரி ஓடும். ஆனால் எண்ணெய்த் தொட்டி கிடையாது. உள்ளே கிராங்குக்கும் வால்வுக்கும் எண்ணெய் போவது பெற்றோலோடு கலந்துதான். 50க்கு 1, அதாவது 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். வெறும் பெற்றோலை ஊற்றினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நிற்கும், உத்தரவாதமும் பேசாது. எண்ணெய் தனியாக ஊற்றுகிற உண்மையான நாலு ஸ்ட்ரோக் வேண்டுமென்றால் ஹொண்டா ஜிஎக்ஸ்25, ஜிஎக்ஸ்35 எஞ்சின் பூட்டிய மெஷின்களைப் பாருங்கள். தெரியாததைச் சிலர் தெரிந்த மாதிரி எழுதுவதால்தான் நான் இங்கே இன்னும் இருக்கிறேன்.

டொன்வலி_டிரைவர்
சரி சரி, விளங்கியது. கத்தத் தேவையில்லை.

பற்றரிப்_பிரியன்
இதனால்தான் பற்றரி என்றேன். கலக்கவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம்.

அஜாக்ஸ்_அண்ணை
பற்றரிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஒரு பற்றரியோடு 14 வீடு நடக்காது. மாற்றிப் போட இரண்டு மூன்று வேண்டும், வானிலேயே சார்ஜ் போடும் ஏற்பாடும் வேண்டும். அங்கேயே 1200 டொலர் கரைந்துவிடும். எட்ஜர் ஈர மண்ணில் இறங்கும்போது பற்றரி எவ்வளவு விரைவாக இறங்கும் என்பது பாவித்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, பெட்டியின் வெளியே பெரிதாகப் போட்டிருக்கும் உத்தரவாத வருடக் கணக்கு பெரும்பாலும் வீட்டுப் பாவனைக்கு. தொழிலுக்கு எத்தனை மாதம் என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும், அதை வாசித்துவிட்டுக் காசைக் கட்டுங்கோ.

மச்சானுக்கு: பெற்றோலில் எக்கோ (ஈகோ அல்ல, இது வேறு கம்பனி) பிஏஎஸ்-2620, 25.4 சிசி. இல்லையென்றால் ஸ்டில் கேஎம் 91 ஆர், 28.4 சிசி. உங்கள் வேலைக்கு இதற்கு மேல் பெரிய எஞ்சின் தேவையில்லை, பாரம்தான் கூடும். இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், வீட்டுக்குக் கிட்ட எந்த டீலர் திருத்திக் கொடுப்பாரோ அது.

ஸ்காபரோ_சித்தி
ரயோபி தலையை ஸ்டிலில் போடலாமா? தங்கச்சி வீட்டு கராஜில் ஒரு எட்ஜர் தலை சும்மா கிடக்கிறது.

அஜாக்ஸ்_அண்ணை
முடியாது அக்கா. ரயோபி, ட்ரோய்-பில்ட், கிராஃப்ட்ஸ்மன் மாதிரியானவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சேரும். ஸ்டில், எக்கோ, மில்வாக்கி எல்லாம் தன் தன் சாதி. முதலில் மோட்டரை வாங்கும்போதே இனி எந்தக் கடைக்குக் காசு கட்டப் போகிறீர்கள் என்பது முடிவாகிவிடும். தலை ஒவ்வொன்றும் சில நூறு டொலர்.

மார்க்கம்_மச்சான்
டண்டலியனுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

அஜாக்ஸ்_அண்ணை
அதற்குத் தலை இல்லை. மண் கிளறுகிற தலை இருக்கிறது, அதைப் புல்லில் விட்டால் புல்லும் சேர்ந்து வரும். பூப்பாத்திக்குத்தான் அது.

டொன்வலி_டிரைவர்
எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய்க் களை மருந்து வாங்கி வந்து ஒரு அடி அடித்தால் டண்டலியன் முடிந்தது. நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன், அமெரிக்கப் பக்கம் புல் எப்படி இருக்கிறது, நம் பக்கம் எப்படி இருக்கிறது.

ஸ்காபரோ_சித்தி
ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலில் இருந்து வீட்டுப் புல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடிக்கக் கூடாது. அதுவும் இவர் காசு வாங்கிக்கொண்டு வேறு ஆளின் வளவில் அடிக்கப் போகிறார். பிடிபட்டால் யார் தண்டம் கட்டுவது, நீங்களா?

டொன்வலி_டிரைவர்
ஒருவரும் வந்து பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அடிக்கிறார்கள்.

ஸ்காபரோ_சித்தி
எங்கள் தெருவில் பிள்ளைகள் புல்லில் உருள்கிறார்கள். அடிக்கிறவர்கள் இரவில் அடிக்கிறார்கள், அதிலேயே தெரியவில்லையா?

பற்றரிப்_பிரியன்
இரும்புச் சேர்மம் கலந்த மருந்து அனுமதிக்கப்பட்டது. அகன்ற இலைக் களை கறுத்துப் போகும், புல் தப்பும். ஆனால் வேர் ஆழம் என்பதால் திரும்ப முளைக்கும், மறுபடி அடிக்க வேண்டும். தொழிலாக அடிக்க உரிமம் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

கோவை_கார்த்தி
நின்னுகிட்டே வேரோட புடுங்குற நீளக் கைப்பிடிக் கம்பி இருக்குமே, அது அங்க கிடைக்காதா?

அஜாக்ஸ்_அண்ணை
கிடைக்கும் கார்த்தி, இந்த இழையில் டண்டலியனுக்கு வந்த நல்ல பதிலும் இதுதான். மழை பெய்த மறுநாள் மண் இளகி இருக்கும்போது குத்தி மிதித்து இழுத்தால் வேர் முழுசாக வரும். மச்சான், அதற்கு மணித்தியாலக் கணக்கில் தனிக் காசு கேளுங்கோ, புல்லு வெட்டுகிற விலைக்குள் சேர்க்க வேண்டாம். மோவரை 3 அங்குல உயரத்துக்கு ஏற்றிவிட்டால் புல்லின் நிழலில் புதுக் களையும் குறையும்.

டொன்வலி_டிரைவர்
நான் சொன்னால் சட்டம் பேசுவார்கள். குத்திப் பிடுங்கி யார் முடிப்பது?

பழைய_கத்தி
டண்டலியன் பற்றிய இழை தனியாக இருக்கிறது. இது மெஷின் இழை.

சீடர் வேலி பற்றி ஒருவரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். தலை மடங்குகிற கத்தியை வாங்குங்கள், மேல்மட்டத்தை ஏணி இல்லாமல் வெட்டலாம். பச்சைக்குள் மட்டும் வெட்டுங்கள். உள்ளே காய்ந்த மண்ணிறத் தடி வரைக்கும் போனால் சீடர் அங்கே திரும்பத் துளிர்க்காது, அந்த ஓட்டையை வீட்டுக்காரர் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். வாள் தலையோடு மின்கம்பிக்கு 3 மீற்றருக்குள் போக வேண்டாம். ஸ்காபரோ வீடுகளில் சனி, ஞாயிறு காலை 9 மணிக்கு முன் மோட்டரை இழுக்க வேண்டாம்.

அஜாக்ஸ்_அண்ணை
பார்த்தீர்களா, நினைத்தால் இவரும் நல்ல பதில் எழுதுவார்.

மார்க்கம்_மச்சான்
எக்கோ எடுத்தாயிற்று, எட்ஜரும் வேலிக் கத்தியும் சேர்த்து. ட்ரிம்மர் மச்சானின் நண்பரிடம் பழையது ஒன்று வாங்கினோம். வாளை இப்போதைக்கு விட்டுவிட்டோம். எல்லாருக்கும் நன்றி.

ஒரு பிரச்சினை. எட்ஜரை மாட்டினால் மோட்டர் நன்றாக ஓடுகிறது, பிளேட் சுற்றவில்லை. கத்தியை மாட்டினால் ஓடுகிறது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகவா?

கோவை_கார்த்தி
கிளட்ச் போயிருக்கும் சார்.

டொன்வலி_டிரைவர்
புதுச் சாமானில் கியர் உடைந்துதான் வரும். உடனே திருப்பிக் கொடுங்கோ.

அஜாக்ஸ்_அண்ணை
பொறுங்கோ. கத்தியில் ஓடுகிறதென்றால் கிளட்சில் பிழை இல்லை. மோட்டரை நிறுத்திப் பிளக் மூடியையும் கழற்றுங்கோ. குமிழைத் தளர்த்தி, எட்ஜர் தண்டை உள்ளே தள்ளிப் பிடித்தபடி, கையுறையோடு பிளேட்டை மெல்ல உருட்டிப் பாருங்கோ. உள் தண்டின் முனை மோட்டர் பக்கத்துக் குழிக்கு நேரே வந்ததும் 'டக்' என்று இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். பொத்தான் ஓட்டைக்குள் முழுசாக எழும்பி நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குமிழை இறுக்க வேண்டும். பொத்தான் பாதியில் நிற்கும்போதே நீங்கள் இறுக்கியிருப்பீர்கள்.

மார்க்கம்_மச்சான்
சரி வந்துவிட்டது அண்ணை. பொத்தான் பாதியில்தான் நின்றது. நன்றி.

ஸ்காபரோ_சித்தி
எந்த டீலர் தம்பி? எட்ஜர் தலை தனியாக என்ன விலை சொன்னார்கள்?

ஸ்காபரோ_சித்தி
தம்பி?

பழைய_கத்தி
விலை விசாரிக்கத் தனி இழை திறக்கவும்.