வவுனிக்குளம் வீட்டுக் குழு: கசகசாச் செடியும் பெஸ்டோவும்

வியாழன்

நான் – மாலை 5.12
[படம்]
மாமா, இதைப் பாருங்கள். காலையில் பறித்த பேசில் இலை இப்போது இந்த நிறத்தில் இருக்கிறது. பாஸ்தாவில் கலக்கிற இத்தாலியப் பச்சைச் சட்னி, பெஸ்டோ, செய்யத்தான் அரைத்தேன். பாசி மாதிரி கறுத்துவிட்டது, நாக்கில் வைத்தால் கசக்கிறது. இரண்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகள். மனம் ஆறவில்லை.

சித்தி – மாலை 5.20
கிளிநொச்சியில் பேசில் எங்கே வாங்கினாய் பிள்ளை?

நான் – மாலை 5.23
வாங்கவில்லை சித்தி. சர்பத்தில் போடுகிற கசகசா ஒரு பக்கற் மிச்சம் இருந்தது. அது பேசில் விதைதான். கிணற்றடியில் தூவிவிட்டேன், ஒரு கிழமைக்குள் முளைத்துவிட்டது. இப்போது முழங்கால் உயரம்.

சித்தி – மாலை 5.41
அம்மம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் சொல்வதை எழுதுகிறேன்: “இது திருநீற்றுப் பச்சை. எங்கள் பழைய வளவில் வேலியோரம் நிறைய நின்றது. மணத்துக்காக மாலையில் சேர்த்துக் கட்டுவோம். இதை அரைத்துச் சாப்பிடுவார்கள் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.”

மாமா (பலெர்மோ) – இரவு 7.48
இங்கே இத்தாலியில் இப்போதுதான் மதியச் சமையல் முடிந்து உட்கார்ந்தேன். பிள்ளை, நான்கு கேள்வி. கிரைண்டரை எவ்வளவு நேரம் ஓடவிட்டாய்? இலையைத் துடைத்தாயா? எண்ணெயையும் சேர்த்தா அரைத்தாய்? செடி பூத்துவிட்டதா?

நான் – இரவு 7.55
மூன்று நிமிடம் இருக்கும். கழுவி ஈரத்தோடு போட்டேன். தம்பி போன முறை வவுனியாவிலிருந்து கொண்டுவந்த ஒலிவ் எண்ணெயை முழுவதும் ஊற்றித்தான் அரைத்தேன். பாதிச் செடி பூத்திருக்கிறது.

மாமா (பலெர்மோ) – இரவு 8.10
எல்லாக் காரணமும் அதற்குள் இருக்கிறது. வாழைக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதல்லவா, இலை நசுங்கினாலும் அதேதான் நடக்கும்: உள்ளே இருக்கும் நொதியும் காற்றும் சேர்ந்து கறுப்பாக்கிவிடும். கிரைண்டர் கத்தி சுழலச் சுழலச் சூடேறும், சூடு அந்த வேலையை இன்னும் விரைவாக்கும். நல்ல ஒலிவ் எண்ணெயைக் கத்தியில் நெடுநேரம் அடித்தால் கசப்பு ஏறும். பூத்த செடியின் இலையும் முற்றிக் கசந்திருக்கும்.

பெஸ்டோ என்ற சொல்லே இடித்தல் என்ற பொருளில் வந்தது. இத்தாலியின் ஜெனோவா நகரில் பளிங்கு உரலும் மர உலக்கையும் வைத்துத்தான் அந்தக் காலம் முதல் செய்கிறார்கள். உன்னிடம் கிரைண்டரை விட நல்ல கருவி இருக்கிறது. அம்மா கலியாணத்தின்போது கொண்டுவந்த அம்மி எங்கே?

அம்மா – இரவு 8.14
மாமரத்தின் கீழ் இருக்கிறது. கழுவி எடுக்க வேண்டும்.

மாமா (பலெர்மோ) – இரவு 8.26
எடுங்கள் அக்கா. பிள்ளை, என் அளவைச் சொல்கிறேன், எழுதிவை. இலை மட்டும், காம்பு இல்லாமல், 60 கிராம். உள்ளி ஒரு பல், அதற்கு மேல் வேண்டாம். பைன் விதை 30 கிராம். சீஸ் 60 கிராம். எண்ணெய் 70 மில்லிலீற்றர். கல்லுப்பு ஒரு சிட்டிகை. முதலில் உப்பும் உள்ளியும் பசையாக வேண்டும். பிறகு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குழவியை வட்டமாக இழுத்துக் கசக்கு. ஓங்கி அடிக்காதே. கல்லுப்பின் கூர் இலையைக் கிழித்துக்கொடுக்கும், தூள் உப்பு அதைச் செய்யாது. அடுத்து விதை, பிறகு சீஸ். எண்ணெய் கடைசியில், கிண்ணத்தில் கரண்டியால் கலக்க வேண்டும்.

அம்மா – இரவு 8.31
கல்லுப்புக்குக் கவலையில்லை, ஆனையிறவு உப்பு இருக்கிறது. பைன் விதைக்கு எங்கே போவது?

மாமா (பலெர்மோ) – இரவு 8.37
போகவே வேண்டாம். இங்கே சிசிலியிலேயே திராபனி என்ற துறைமுக ஊரில் பாதாமும் தக்காளியும் போட்டுத்தான் செய்கிறார்கள். அவர்கள் மண்ணில் பாதாம் விளைகிறது, போடுகிறார்கள். நம் மணலில் கச்சான் விளைகிறது.

சித்தி – இரவு 8.40
வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனவர்கள் வாங்கிவந்த கச்சான் இன்னும் இரண்டு கிலோ இருக்கிறது!

மாமா (பலெர்மோ) – இரவு 8.44
பைன் விதையை வறுக்காமல் போடலாம். கச்சானைப் பச்சையாகப் போட்டால் பயற்று மணம் வரும். இளஞ்சூட்டில் வறுத்து, தோலை ஊதி எடுத்து, நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் கச்சான் ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் தாய்மாரிடம் கேளுங்கள்.

அம்மா – இரவு 8.50
இலை போதாவிட்டால் முற்றத்துத் துளசியில் கொஞ்சம் சேர்க்கலாமா?

சித்தி – இரவு 8.53
அம்மம்மா பக்கத்தில்தான் இருக்கிறார். “துளசி சாமிக்கு” என்கிறார். அத்துடன் பேச்சு முடிந்தது.

மாமா (பலெர்மோ) – இரவு 8.58
அம்மம்மா சொல்வது சமையலுக்கும் சரி. துளசியில் கராம்பு மணம் தூக்கலாக இருக்கும், மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். இலை போதாவிட்டால் கொத்தமல்லியும் புதினாவும் சேருங்கள்.

வெள்ளி

தம்பி (வவுனியா) – காலை 10.05
அக்கா, நாளைக்கு வகுப்பு இல்லை, வருகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் நிற்கிறேன். பார்மிசான் சீஸ் சிறு துண்டு இருக்கிறது, விலை மிகவும் கூட. வாங்கவா?

மாமா (பலெர்மோ) – காலை 10.32
வாங்காதே. நேற்று இரவு படுத்த பிறகுதான் நினைவு வந்தது, வேலைக்குப் புறப்படும் முன் சொல்லிவிடுகிறேன். அசல் பார்மிசான் சீஸில் பாலைத் திரளவைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கும் பொருள். அம்மம்மா மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. தெரியாமல் கொடுத்தோம் என்ற குறை நமக்கு வரக்கூடாது.

அம்மா – காலை 10.40
நல்லவேளை சொன்னாய் தம்பி. சீஸ் என்றால் பால்தானே என்று நான் இரண்டு கரண்டி வைத்திருப்பேன்.

நான் – காலை 10.44
அப்படியென்றால் சீஸே வேண்டாம். அம்மம்மாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

மாமா (பலெர்மோ) – காலை 10.49
சரி. கச்சானை 50 கிராமாக்கு, உப்பை ருசி பார்த்துக் கூட்டு. சீஸின் கனத்தைக் கச்சான் ஓரளவு தந்துவிடும்.

சித்தி – காலை 11.02
சம்பலுக்கு விடுவது போல் தேசிக்காய்ப் புளி விடலாமா அண்ணா? ஒலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய்?

மாமா (பலெர்மோ) – காலை 11.10
புளி விட்டு வைத்தால் பச்சை நிறம் மங்கிவிடும். சாப்பிடும்போது தட்டில் பிழிந்துகொள். நல்லெண்ணெய் போட்டால் எள் மணம்தான் இருக்கும், இலை தெரியாது. தேங்காயெண்ணெய் குளிரில் கட்டியாகிவிடும். தம்பி, சீஸுக்கு வைத்த காசில் சிறிய ஒலிவ் எண்ணெய்ப் போத்தல் ஒன்று வாங்கி வா.

சித்தி – காலை 11.18
நன்றாக வந்தால் இரண்டு போத்தலில் நிறைத்துத் தம்பியோடு விடுதிக்கு அனுப்பலாம். மேலே எண்ணெய் நின்றால் ஊறுகாய் மாதிரி மேசையிலேயே ஒரு மாதம் கிடக்கும்.

மாமா (பலெர்மோ) – காலை 11.21
இல்லை. இதை மட்டும் எல்லோரும் கவனமாக வாசியுங்கள். ஊறுகாயில் புளிப்பும் உப்பும் நிறைய இருப்பதால்தான் அது தாங்குகிறது. பெஸ்டோவில் இரண்டுமே போதாது. பச்சை உள்ளியையும் இலையையும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் போட்டுலினம் என்ற கிருமி நஞ்சு உண்டாக்கலாம். மணத்தில் தெரியாது, நிறத்தில் தெரியாது. நரம்பைத் தாக்கும், மூச்சையே நிறுத்தக்கூடியது. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள், அவ்வளவுதான். மிச்சத்தை ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவையுங்கள், வேண்டும்போது ஒவ்வொரு கட்டியாக எடுக்கலாம். மின்சாரம் நெடுநேரம் நின்று உருகிவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஏ9 வீதி வெயிலில் பஸ்ஸில் போத்தல் போகவே கூடாது.

சித்தி – காலை 11.25
விளங்கியது அண்ணா. போத்தல் பேச்சை விடுகிறேன்.

தம்பி (வவுனியா) – காலை 11.27
எனக்கு வறுத்த கச்சானே போதும் சித்தி.

சனி

நான் – காலை 6.35
வெயில் ஏறும் முன் பறித்துவிட்டேன். பூக்காத கிளையில் நுனி இலை மட்டும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, பழைய பருத்திச் சேலையில் பரப்பியிருக்கிறேன். பூவரும்பையெல்லாம் கிள்ளிவிட்டேன்.

அம்மா – காலை 11.50
[படம்]
அம்மியில் அம்மம்மா இருக்கிறார். காலையில் சித்தியோடு வந்து இறங்கியதும், “நீ குழவியை உருட்டுகிறாய், இலை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது” என்று பிள்ளையை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையால் அழுத்தி இழுக்கிறார். வீடு முழுக்க மணம்.

மாமா (பலெர்மோ) – மதியம் 12.08
இந்தப் படத்தை வைத்துக்கொள்கிறேன். அம்மாவின் கையைப் பார்த்து எத்தனை நாள்.

நான் – மதியம் 1.20
[படம்]
மாமா, பச்சை! இளம் நெற்பயிர் நிறம். பாஸ்தா அவித்த தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கலந்தேன்.

மாமா (பலெர்மோ) – மதியம் 1.24
அடுப்பில் வைத்துக் கலக்காததுதான் பெரிய காரியம். ஜெனோவாப் பக்கம் உருளைக்கிழங்கும் போஞ்சிக்காயும் பாஸ்தாவோடு ஒரே பானையில் அவித்துச் சேர்ப்பார்கள்.

அம்மா – மதியம் 1.31
அம்மம்மா பாஸ்தாவைத் தொடவில்லை. காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. அதில் தொட்டு, தேசிக்காய் பிழிந்து, இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதையும் கேட்டார். இப்போது எல்லோரும் கிழங்குக்கு வந்துவிட்டோம், பாஸ்தா தம்பிக்கு.

மாமா (பலெர்மோ) – மதியம் 1.33
உப்பு, உறைப்பு எப்படியாம்?

சித்தி – மதியம் 1.40
அம்மம்மா சொல்கிறார்: “உறைப்பு இல்லாதது ஒரு குறை, அடுத்த முறை ஒரு பச்சை மிளகாய் வைப்போம். இவள் அரும்பையெல்லாம் கிள்ளிவிட்டாளாம். இரண்டு செடியைத் தொடாமல் விடச் சொல். பூத்துக் காயட்டும், எனக்கு வவுனிக்குளத்துக்குக் கொண்டுபோக விதை வேண்டும்.”

நான் – மதியம் 1.42
கிணற்றடியில் வடக்குப் பக்கம் நிற்கிற இரண்டையும் விட்டுவிடுகிறேன் அம்மம்மா. இப்போதே கயிறு கட்டி அடையாளம் வைக்கிறேன்.