கப்பலில் சத்தமில்லாமல் உட்கார ஓர் இடம் கிடைக்குமா?

ஸ்டோர்க்காரர், தலவாக்கலை

வணக்கம். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அடுத்த மாதம் நானும் வீட்டுக்காரியும் அங்கே போகிறோம். வருகிறீர்கள்தானே என்று 4 இரவு கப்பல் பயணத்துக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். மெரினா பேயில் ஏறி, பினாங்கு, பூகெட் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூர். எங்கள் குடும்பத்தில் இதற்குமுன் கப்பல் ஏறியவர் பெரியப்பா ஒருவர்தான். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலில் ஏறி இராமேஸ்வரம் போனார், திரும்பி வரவில்லை. கப்பல் என்ற பேச்சை எடுத்தாலே அக்கா இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது வேறு கதை.

34 வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், டீமேக்கராக இருந்தவன் நான். ரோலர் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. நாலு பேர் ஒன்றாகப் பேசினால் ஒன்றும் விளங்காது, தலைதான் இடிக்கும். மகள் அனுப்பிய வீடியோவில் நீச்சல் குளம், தண்ணீர்ச் சறுக்கு, பாட்டு, ஆயிரக்கணக்கில் சனம். பார்க்கும்போதே களைத்துவிட்டது. லவுஞ்ச் நிறைய இருக்கிறது, அங்கே இருக்கலாம் என்கிறார் மருமகன். சும்மா போய் உட்கார விடுவார்களா, இல்லை ஏதாவது வாங்கிக் குடிக்க வேண்டுமா? ஒருமுறை நுவரெலியாவில் மழைக்கு ஒதுங்கி, ஒரு பெரிய ஹோட்டல் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். "ரூம் நம்பர் என்ன?" என்று கேட்டு எழுப்பிவிட்டார்கள். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

இன்னொன்று. வீட்டுக்காரி றம்பொடை மலை வளைவிலேயே வாந்திப் பையைத் தேடுகிறவள். அவளை எந்தப் பக்கம் உட்கார வைப்பது?

பதுளைப் பையன்

பேரப்பிள்ளைகளும் கூட வருகிறார்களா ஐயா? அப்படியென்றால் லவுஞ்சைத் தேடவேண்டாம், காதுக்குப் பஞ்சு வாங்குங்கள்.

கொட்டகலை கப்பல்காரன்

டீமேக்கர் ஐயா, நான் 6 வருடம் பயணிகள் கப்பலில் லவுஞ்ச் ஸ்டூவர்டாக இருந்தவன். நீங்கள் கேட்கிற மூலைகளையெல்லாம் கூட்டித் துடைத்தவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த சோபாப் பயத்தை விடுங்கள். டிக்கெட்டில் ஏறிய எல்லோருக்கும் பொது லவுஞ்ச் சொந்தம். பெரிய காசு கொடுத்த அறைக்காரர்களுக்கென்று ஒன்றிரண்டு தனி இடம் இருக்கும், அதன் கதவு உங்கள் அட்டைக்குத் திறக்காது, அவ்வளவுதான். மற்ற இடங்களில் ஸ்டூவர்ட் வந்து "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்பான். வேண்டாம் என்று சிரித்தால் போய்விடுவான். நானும் அப்படிப் போனவன்தான்.

இரவில் டான்ஸும் பாண்டுமாக அதிர்கிற லவுஞ்ச், காலையில் கோயில் மண்டபம் மாதிரி ஆளில்லாமல் கிடக்கும். பாதி விளக்குதான் எரியும், ஆனால் நாற்காலி எல்லாம் அங்கேயே. நான் வேலை செய்த ஒரு கப்பலில் வயதான ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தினமும் ஏழு மணிக்கு அப்படி ஒரு லவுஞ்சுக்கு வந்து, ஒரே நாற்காலியில் நூல் பின்னிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாளிலிருந்து அந்த ஜன்னலைத் தவிர்த்துவிட்டு மற்றதையெல்லாம் துடைப்பேன். பயணம் முடிகிற அன்று ஒரு தொப்பியைக் கையில் தந்துவிட்டுப் போனார். நானுஓயாக் குளிருக்கு இன்னும் அதைத்தான் போடுகிறேன்.

பல கப்பல்களில் உச்சியில், முன்பக்கமாக, கண்ணாடி போட்ட லவுஞ்ச் ஒன்று இருக்கும். பதுளைக் கோச்சியில், அதாவது ரயிலில், வேடிக்கை பார்க்கவென்று இருக்கும் ஒப்சர்வேஷன் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது கோச்சியின் வாலில், இது கப்பலின் நெற்றியில். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் நேரம் அங்கே நிற்கவும் இடமிருக்காது. விடியற்காலையில் போனால் நீங்களும் கடலும்தான். உங்கள் வீட்டுக்காரியை மட்டும் அங்கே கூட்டிப் போகவேண்டாம். கப்பல் சீசோப் பலகை மாதிரி, இரண்டு முனைதான் ஏறி இறங்கும், நடுவில் ஆட்டம் குறைவு. அதிலும் உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும். நடுவாக, கீழ்த்தளங்களில் ஜன்னலோரம் உட்கார வைத்து, தூரத்துக் கடல் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் பெரிய அலை இருக்காது, கவலை வேண்டாம்.

நூலகத்தை நம்பிப் போகாதீர்கள். குயின் மேரி 2 போன்ற கப்பலில் 8ஆம் தளத்தின் முன்பக்கத்தில் கடலைப் பார்த்தபடி பெரிய நூலகமே இருக்கிறது. ஆனால் குடும்பங்களைக் குறிவைத்து ஓடும் புதிய கப்பல்களில் ஓர் அலுமாரி இருந்தால் பெரிய விஷயம். புத்தகத்தை நீங்களே கொண்டு போங்கள். மேல்தளக் குளத்தடி, பகல் 12லிருந்து 1.30 வரை பஃபே, கெசினோவை ஒட்டிய நடைபாதை, இந்த மூன்றும் உங்களுக்கு ஆகாது. கெசினோப் பக்கம் சிகரெட் வாடையும் இருக்கலாம். துறைமுகத்தில் நிற்கும்போது அநேகமாக அதை மூடிவிடுவார்கள்.

ஏறிய அன்றே பெரட்டு இருக்கும்! ஆமாம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் நம் தோட்டத்துப் பெரட்டு மாதிரியேதான். ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்று காட்டும் ஒத்திகை, அங்கே மஸ்டர் என்பார்கள். 2012இல் இத்தாலியில் கொஸ்டா கொன்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்த பிறகு, கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய கையோடு அதை நடத்தியே ஆகவேண்டும் என்று விதி வந்தது. உங்கள் பெரட்டுக்களம் பல நேரம் ஒரு லவுஞ்சாகவே இருக்கும். போகிற போக்கில் ஜன்னல், நாற்காலி எல்லாம் நோட்டம் விட்டு வாருங்கள்.

மறந்துவிட்டேன், பொழுது சாயும்போது போகும் வழியில் இடது பக்கம் உட்காருங்கள், வரும்போது வலது பக்கம். சூரியன் சுமாத்ராப் பக்கம் இறங்குவது தெரியும்.

பண்டாரவளை டீச்சர்

தம்பி சொல்வதில் ஒன்றை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலையில் லவுஞ்ச் காலியாம்! போன வருடம் அண்ணா குடும்பத்தோடு சென்னையில் ஏறினேன், கப்பல் பெயர் வேண்டாம். நல்ல ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்து, கதைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் போயிருப்பேன். பத்து மணிக்கு மைக்கோடு ஒருவர் வந்தார். பின்னாலேயே அறுபது பேர். டான்ஸ் வகுப்பாம். என்னையும் எழுந்து ஆடச் சொன்னார்கள். அடுத்த நாள் அதே இடத்தில் பிங்கோ. அப்புறம் இன்னொரு கூட்டம், விடியுமுன்பே நாலு நாற்காலிக்கு நாலு துவாய் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும். ஹட்டன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட் பிடிப்பதை அங்கேயும் பார்த்தேன்.

எனக்குக் கடைசியில் கிடைத்தது மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் பெஞ்சு. பெயரும் இல்லை, படத்திலும் இல்லை. எல்லோரும் லிஃப்டில் போவதால் படிக்கட்டுக்கு ஆளே வரவில்லை. ஐயா, முழங்கால் நன்றாக இருந்தால் படியில் ஏறி இறங்கித் தேடுங்கள்.

கொட்டகலை கப்பல்காரன்

டீச்சர் சொல்வது சரி. முதல்நாள் இரவே மறுநாள் நிகழ்ச்சி நிரலைப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதியிருக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் ஃபோனிலேயே வரும், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு என்ன என்று. அதில் எந்த இடத்தின் பெயர் இல்லையோ அங்கே போங்கள். பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுனை ஒட்டியே நிற்கும், சனம் முழுக்க இறங்கிவிடும். அன்றைக்குக் கப்பல் உங்களுக்குத்தான்.

டீமேக்கருக்கு இன்னொரு எச்சரிக்கை, அங்கே தருவது டீ பேக். தூள் கொண்டு போங்கள், வடியும் கொண்டு போங்கள். கேத்தல், ஹீட்டர் மட்டும் வேண்டாம். சூடாக்கும் சாமான்களைப் பையில் கண்டால் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள்.

ஸ்டோர்க்காரர், தலவாக்கலை

போய் வந்துவிட்டோம். வீட்டுக்காரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழும்பிலிருந்து ஏறி வரும்போது றம்பொடையில்தான் வழக்கம் போல.

பினாங்கில் எல்லோரும் இறங்கிய பிறகு நான் மட்டும் தங்கினேன். உச்சி லவுஞ்சில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் வாங்கி, கொண்டு போன பீஓபிஎஃப் தூளில் ஒரு பிளேன்டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம்கூட இருக்க முடியவில்லை தம்பி. சத்தமே இல்லாவிட்டால் காதுக்குள் ஒரு சீவண்டு கத்துவது எனக்கு அதுவரை தெரியாது.

எழுந்து நடந்து, டீச்சரின் யோசனைப்படி படியில் இறங்கிக்கொண்டே போனேன். உயிர்காப்புப் படகுகள் தொங்குகிற தளத்தில், ஒரு படகுக்குக் கீழே நிழலில் இரண்டு நாற்காலி இருந்தன. பெரிய காற்றாடி ஒன்று பக்கத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ம்ம்ம் என்று ஒரே சுதி. அந்த அதிர்வு இரும்புத் தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. கொழுந்து வாட்டுகிற மாடியில் இரவெல்லாம் ஃபேன் ஓடும் சத்தம் அது. அது ஓடும்வரைதான் நான் தூங்குவேன், நின்றால் விழித்துக்கொண்டு ஓடுவேன். 34 வருடப் பழக்கம்.

மீதி இரண்டு நாளும் அங்கேதான். புத்தகம் பதினோராம் பக்கத்தைத் தாண்டவில்லை. கடைசி நாள் மதியம் மகள் என்னைக் கப்பல் முழுக்கத் தேடியிருக்கிறாள். கண்டுபிடிக்கும்போது நான் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். கப்பல் ஓடிக்கொண்டிருக்கிறதா, நிற்கிறதா என்று மட்டும் அக்கா கேட்டாளாம்.