பெரியப்பா கடைக் கம்ப்யூட்டர்: வீட்டுக் குழுவில் பேசியது

பெரியப்பா பாளை, காலை 8:40
எல்லோரும் ஒரு யோசனை சொல்லுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் இன்று வாட்ஸ்அப் வெப் திறக்கவில்லை. பிரவுசர் பழசு என்று வருகிறது. சர்வீஸ்காரரிடம் கேட்டேன். புது மெஷின், மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் என்கிறார். இல்லையென்றால் இதே மெஷினில் புது ஆபிஸை 1,500 ரூபாய்க்கு ஏற்றித் தருவாராம். எனக்கு இப்போது இருக்கும் ஆபிஸ் 2007, அதிலுள்ள வேர்ட் போதும். வாடகை ஒப்பந்தம், மனு, அஃபிடவிட் எல்லாம் இத்தனை வருடமாக அதில்தான் அடிக்கிறேன்.

பெரியம்மை, 8:44
பிள்ளைகளை அதில் அடித்துத்தான் படிக்க வைத்தார்கள்.

ஜங்ஷன் அத்தான், 8:51
மாமா, ஓடுகிற மெஷினைத் தொடாதீர்கள். போன மாதம் என் பழைய ஃபைல்களைப் புது லேப்டாப்பில் திறந்தேன். ஒரு வரி தமிழ் இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. அன்றைக்கு வயிறு கலங்கிவிட்டது.

நான், 9:20
அத்தான், உங்கள் ஃபைல் கெடவில்லை. பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில் அடித்திருப்பீர்கள். அதில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதைத் தமிழாகக் காட்டுவது ஃபாண்டின் வேலை. பழைய மெஷினில் இருக்கும் ஃபாண்ட் ஃபைலை எடுத்துப் புதிதில் போட்டால் தமிழ் திரும்ப வந்துவிடும். ஆபிஸ் எந்த வருடத்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜங்ஷன் அத்தான், 9:22
இது தெரியாமல் இருநூறு பக்கத்தை மறுபடி அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தேன்!

பெரியப்பா பாளை, 9:30
அப்படியானால் எனக்கும் மாற்றத் தேவை இல்லைதானே தம்பி?

நான், 9:48
இருக்கிறது பெரியப்பா. ஆபிஸ் 2007க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2017 அக்டோபரில் நிறுத்திவிட்டது. உங்கள் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் நிறுத்தியது. அதனால் வேர்ட் நின்றுவிடாது, நாளைக்கும் ஓடும். எனக்குக் கவலை உங்களுக்கு வருகிற ஃபைல்கள்தான். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும் கொண்டுவந்து "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் திருத்தி பிரிண்ட் போடுங்கள்" என்கிறார்கள்? வெளியிலிருந்து வந்த ஃபைலை முதலில் படிக்க மட்டும் திறக்கிற வசதி ஆபிஸ் 2010ல்தான் வந்தது. உங்களுடையதில் அது கிடையாது. ஃபைலைத் திறந்தாலே ஆபத்து என்கிற மாதிரி ஓட்டைகளும் இருந்திருக்கின்றன. கணிதச் சமன்பாடு எழுதுகிற பழைய பகுதியில் 2017ல் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இனி அப்படிப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாலும் உங்கள் ஆபிஸுக்குத் திருத்தம் வராது.

அந்த மெஷினில் ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பட்டா நகலும் கிடக்கின்றன. நம்பித்தானே தந்திருக்கிறார்கள்.

பெரியப்பா பாளை, 9:55
சரி, அது நியாயம். அப்போ 1,500 ரூபாய்க்கே ஏற்றச் சொல்லட்டுமா?

நான், 9:57
வேண்டவே வேண்டாம். அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் பூட்டை உடைத்த நகலாகத்தான் இருக்கும். உடைக்கிற புரோகிராமோடு சேர்ந்து வைரஸும் வரலாம். விண்டோஸ் 7 ஓடுகிற உங்கள் மெஷினில் அதை ஏற்றினாலும் பயன் இல்லை, விண்டோஸுக்கே திருத்தம் வருவதில்லையே.

தென்காசி அத்தை, 10:15
அண்ணே, செலவைப் பார்க்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் மகன் கடையில் இரண்டு மெஷின் முங்கியது ஞாபகம் இருக்கிறதா? மெஷினை வாங்கிவிட்டோம். உள்ளே இருந்தது போனது போனதுதான்.

பெரியப்பா பாளை, 10:40
அத்தோடு இன்னொன்று. பத்திரத்தாளில் மேல் பாதி முத்திரை. அதற்குக் கீழே சரியாக விழுகிற மாதிரி அளவு வைத்திருக்கிறேன். புதிதில் இரண்டு வரி மேலே ஏறினால் தாள் வீண். அந்தக் காசை மனு எழுத வந்தவரிடம் எப்படிக் கேட்பேன்? அப்புறம் என் விரலுக்குப் பழைய டைப்ரைட்டர் அடிதான் வரும். 2007 வந்தபோது மெனு எல்லாம் இடம் மாறியதற்கே ஒரு மாதம் தடுமாறினேன்.

நான், 11:05
பெரியப்பா, இந்த இரண்டையும் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். டைப்ரைட்டர் அடிக்கு வழி இருக்கிறது. என்எச்எம் ரைட்டர் என்று இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பழைய டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் விரல் போகிற போக்கில் யூனிகோடு தமிழே விழும், அதாவது தனி ஃபாண்ட் போடாமலே எல்லா மெஷினிலும் தெரிகிற தமிழ். வக்கீல் குமாஸ்தா போனில் படிக்கிற தமிழ் அதுதான். 2010ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

வரி நகர்வதை அளந்துதான் பார்க்க வேண்டும். என் லேப்டாப்பைக் கொண்டுவருகிறேன். அதில் புது வேர்டும் இருக்கிறது, ஆபிஸுக்குப் பதிலாகப் பயன்படுத்துகிற இலவச லிப்ரேஆபிஸும் இருக்கிறது. உங்கள் ஃபைல் ஐந்தை இரண்டிலும் திறந்து வெள்ளைத் தாளில் பிரிண்ட் எடுப்போம். பழைய பத்திர நகலோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வரி பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். லிப்ரேஆபிஸில் பொருந்தினால் ஆபிஸுக்குக் காசே வேண்டாம். பொருந்தாவிட்டால் ஒரே தடவை காசு கட்டி வாங்குகிற ஆபிஸ் 2024 போதும். வருடா வருடம் கட்டுகிற சந்தா உங்கள் கடைக்குத் தேவை இல்லை.

மெஷின் மட்டும் புதிதாக வாங்கத்தான் வேண்டும். உங்களுடையதில் விண்டோஸ் 11 ஏறாது. பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். நெட் வயரைக் கழற்றிவிட்டு ஓரமாக வைப்போம். பழைய பத்திரம் ஒன்று வேண்டுமென்றால் 2007லேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஜங்ஷன் அத்தான், 11:12
மாமா, மெஷின் வருவதற்கு முன்னால் எல்லா ஃபைலையும் இரண்டு ஹார்ட்டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டு மாடியில். நான் இன்று சாயங்காலமே வந்து எடுத்துத் தருகிறேன்.

பெரியப்பா பாளை, 11:20
வா மருமகனே. ஏழு மணிக்குப் பிறகு வா, கூட்டம் குறையும். தம்பி, நீ எப்போது வருகிறாய்?

நான், 11:21
சனிக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்துவிடுவேன். அதற்குள் கடையில் எந்தெந்த ஃபாண்டில் அடிக்கிறீர்கள் என்று ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

பெரியப்பா பாளை, 11:46
போட்டுவிட்டேன். பதினான்கு இருக்கிறது. தினமும் தொடுவது மூன்றுதான், டிக் அடித்திருக்கிறேன்.